ஈ.சி.யில் வராத வாரிசுகள்

வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் லீகல் பார்க்க வருகிறார்கள். "ஈ.சி. போட்டுப் பாத்துட்டோம் சார், ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்." இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பயம் தரும் பேச்சு இதுதான்.

ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயில் அதில் வராது. சொத்துக்காரர் இறந்துவிட்டார் என்பதோ அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதோ வராது. நான் பார்த்த தகராறுகளில் பத்திரத்தில் இருந்த பிழையால் வந்தவை குறைவு. பத்திரத்தில் பெயரே இல்லாதவர்களால் வந்தவைதான் அதிகம். குறிப்பாக, வீட்டுப் பெண்களின் பெயர். "அக்காவுக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்று தம்பி அடித்துச் சொல்வார். அக்கா கேட்காமல் போகலாம். அக்கா மகன் கேட்பான்.

இந்துக் குடும்பத்தில் அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லாமல் அவர் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டியை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் எத்தனை பேர்! பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்பதை 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அக்காவின் விடுதலைப் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் கிரயத்தில் அவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நான் ஒப்பீனியன் தருவதில்லை.

அதனால் என் ஜூனியர்களைத் தாய்ப்பத்திரத்தைப் பிரிக்கும் முன் குடும்ப மரத்தை வரையச் சொல்வேன். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். பத்திரத்தில் இல்லாத ஒருவர் மாடியில் குடியிருப்பார். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவரிடம் வீடியோ காலிலாவது பேசிவிடுங்கள். பொதுவாக, அவர் இறந்த நாளோடு அந்தப் பவரும் செத்துவிடும். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். அசலை அடமானமாக ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்து, அதற்கு ஆவணம் பதிவாகவில்லையென்றால் ஈ.சி.யில் தெரியாது.

பட்டா, எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்), அளவு எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். அவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஃபீஸ் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். "கிரயம் முடிஞ்சதும் வாங்கிக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரயம் நடந்தால்தான் பணம் என்றால், விடுபட்ட வாரிசு உங்கள் கண்ணில் படமாட்டார். 'வாங்க வேண்டாம்' என்று எழுதும் ஒப்பீனியனுக்கும் அதே உழைப்புதான், அதே ஃபீஸ்தான். முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.