வெல்ஸ் பார்கோ: பொன் சுமந்த கம்பனியின் வரலாறு

வங்கியென்றதும் கற்கட்டடமும் இரும்புப் பெட்டகமுமே வர்த்தகம் பயிலும் மாணவர் பலருக்கு நினைவில் எழும். குதிரைவண்டிச் சாரதியின் காலடியிற் கிடந்த பச்சை நிற மரப்பெட்டியோடு வளர்ந்த வங்கியொன்றை ஈண்டு நோக்குவாம்.

1848ஆம் ஆண்டு தை மாதத்திற் கலிபோர்ணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. பல்லாயிரவர் அங்கே திரண்டனர். தோண்டியவனுக்கு இடர் தொடங்கியது தோண்டிய பின்னரே. மனைவி மக்கள் கிழக்குக் கரையில். இடையே மலையும் பாலையும். வழியெங்கும் கள்வர் பயம்.

நியூயோர்க்கில் 1850இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் பொதி கொண்டுசெல்லும் கம்பனியை நிறுவியோருள் ஹென்றி வெல்ஸ், வில்லியம் பார்கோ என்போரும் இருந்தனர். கலிபோர்ணியாவரை தொழிலை விரிக்க ஏனைய பணிப்பாளர் இணங்கிலர். ஆகவே இவ்விருவரும் 1852 மார்ச் 18ஆந் திகதி தம் பெயராலேயே வேறொரு கம்பனியைத் தொடங்கினர். அவ்வாண்டு யூலையிற் சான் பிரான்சிஸ்கோவிற் கந்தோர் திறக்கப்பட்டது.

பொதி சுமப்போர் வங்கியாளரானது எங்ஙனம்? சுரங்கத்தான் கொணர்ந்த பொற்றூளை முகவர் நிறுத்துப் பற்றுச்சீட்டுக் கொடுப்பார். பொன் துறைமுகஞ் சென்று, நீராவிக் கப்பலேறிப் பனாமா வழியாகக் கிழக்கே போகும். அன்றி, பொன்னை அங்கேயே விற்று, நியூயோர்க்கில் மாற்றத்தக்க உண்டியலொன்றை வாங்கி வீட்டுக்கு அஞ்சல் செய்தலும் கூடும். நம்மூர் வணிகர்க்கு உண்டியல் புதிதன்று. அதன் பெறுமதி முழுவதும் அதனை எழுதியவரின் நாணயத்திலேயே தங்கியதென்பதை அவர் நன்கறிவர்.

அந்நாணயத்துக்குச் சோதனை 1855 பெப்ரவரியில் வந்தது. பேஜ் பேக்கன் என்னும் பெரிய வங்கி முறிந்தது. மறுநாளே ஆடம்ஸ் கம்பனியும் வீழ்ந்தது. வெல்ஸ் பார்கோவும் கதவடைத்தது. ஆயின், கணக்குகளைச் சரிபார்த்துச் சில தினங்களில் மீளத் திறந்தது. கேட்டவர் பணம் பெற்றனர். பெரும் போட்டியாளர் ஒழிந்த களம் அதற்கு வாய்த்தது. நற்பேறும் இதில் உண்டென்பதை மறைப்பதற்கில்லை.

பின்னர் வண்டிக் கொள்ளைகள் மலிந்தன. 1875 முதல் 1883 வரை ‘பிளாக் பார்ட்’ என்னும் கள்வன் தனியனாகவே ஏறத்தாழ 28 வண்டிகளை மறித்தான். அவன் தவறவிட்ட கைக்குட்டையின் சலவைக்குறியே துப்பறிவோருக்கு அவனைக் காட்டிக்கொடுத்தது!

1869இற் கண்டங்கடந்த புகையிரதப் பாதை நிறைவுற்றதும் நெடுந்தூர வண்டிகளின் காலம் முடியலாயிற்று. 1905இல் வங்கி வேறு, பொதிச்சேவை வேறு எனப் பிரிந்தன. போர்க்காலமாகிய 1918இல் அரசாங்கம் பொதிக் கம்பனிகளை ஒன்றாக்க, வங்கியே எஞ்சிற்று. 1998இல் நோர்வெஸ்ற் என்னும் வங்கி இதனோடு இணைந்தபோது தன் பெயரைத் துறந்து, வெல்ஸ் பார்கோ என்னும் பெயரையே மேற்கொண்டது. அப்பெயரின் விலை அத்தகையது.

அப்பெயருக்கே 2016இல் இழுக்கு நேர்ந்தது. விற்பனை இலக்குகளால் நெருக்குண்ட ஊழியர், வாடிக்கையாளரின் அனுமதியின்றி இலட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தமை வெளிப்பட்டது. 18½ கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இம்முறை கள்வர் வழியில் நிற்கவில்லை. குற்றம் கந்தோருக்குள்ளேயே நிகழ்ந்தது. சொத்துப் பெருக்கத்துக்கு மத்திய வங்கி 2018இல் இட்ட வரம்பு 2025 யூனிலேயே நீக்கப்பட்டது.