லாபானின் குமாரத்திகள் கேட்ட கேள்வி

வேதபாடம்: ஆதியாகமம் 29 முதல் 31 வரை



யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் லாபானிடம் வேலை செய்தான். லாபான் லேயாளைக் கொடுத்து ஏமாற்றினான். ராகேலுக்காக மறுபடியும் ஏழு வருஷம்! இதை யாக்கோபு பட்ட பாடு என்றே நாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் 31-ஆம் அதிகாரம் 14, 15 வசனங்களில் அந்த இரண்டு சகோதரிகளும் வாயைத் திறக்கிறார்கள். அப்பா எங்களைப் பெற்ற பிள்ளையாக நினைக்கவில்லை, எங்கள் பேரில் வந்ததையெல்லாம் தானே அனுபவித்துவிட்டார் என்பதுதான் அவர்களுடைய முறையீடு.

அன்று மாப்பிள்ளை உழைத்தான். நம் நாட்களில் பெண்பிள்ளையே தன் கல்யாணத்துக்காக உழைக்கிறாள். ஆனால் கேள்வி மாறவில்லை. அவள் பேரில் வந்த பணம் எங்கே?

1. நம் பக்கத்தில் நடந்தது

கோயம்புத்தூரில் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. அன்றுமுதல் எத்தனையோ குடும்பங்களுக்கு மில் சோறு போட்டிருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் 1990-களின் கடைசியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்கள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவியது. புரோக்கர் ஏழைக் கிராமங்களுக்குப் போவார். "மூணு வருஷம் வேலை. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இருக்கு. முடிஞ்சதும் கல்யாணச் செலவுக்கு மொத்தமா பணம் கொடுத்திருவாங்க" என்பார். முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கேட்டதும் தகப்பனுக்குப் பாரம் இறங்கினது போல இருக்கும்.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த 'சோமோ' என்ற ஆய்வு அமைப்பும் இன்னொரு அமைப்பும் 2011-ல் இதைப்பற்றி அறிக்கை வெளியிட்டன. நீண்ட வேலை நேரம், ஹாஸ்டலை விட்டு வெளியே போகத் தடை, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள், அவர்களில் அநேகர் தலித் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் வெளிவந்தது.

2. அது யார் பணம்?

கடைசியில் கொடுக்கிற மொத்தத் தொகை போனஸ் அல்ல, பரிசும் அல்ல. மாதாமாதம் அவள் கையில் வந்திருக்கவேண்டிய கூலியில் பிடித்து வைத்ததே அது. மூன்றாம் வருஷத்தில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் அதுவும் கிடைக்காமல் போகலாம். பஞ்சுத் தூசி வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெடும். கெட்டுப்போன உடம்புக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

உபாகமம் 24:14, 15-ஐ வாசித்துப் பாருங்கள். ஏழைக் கூலிக்காரனுடைய கூலி அந்த நாள் பொழுது சாயுமுன் அவன் கைக்குப் போகவேண்டும். ஒரு ராத்திரி தங்கக்கூடாத கூலி மூன்று வருஷம் தங்கலாமா?

3. பாவம் எங்கே தொடங்குகிறது?

மில் கேட்டில் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நிச்சயதார்த்தப் பேச்சில் "எத்தனை பவுன் போடுவீங்க? என்ன சீர் செய்வீங்க?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விதான் ஒரு பிள்ளையை மில் ஹாஸ்டலுக்கு அனுப்புகிறது. 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ஞாயிற்றுக்கிழமை கையை உயர்த்தித் துதிக்கிற நாம் திங்கட்கிழமை பவுன் கணக்குப் பேசலாமா? மகனைப் பெற்றவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிற மகளோ மருமகளோ வந்ததும் அடுப்படிக்குப் போகிறாள். வீட்டு ஆண்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுடைய ஏடிஎம் கார்டு மட்டும் அவர்கள் சட்டைப் பையில்! லாபானின் வீடு தூரத்தில் இல்லை.

4. நாம் செய்யவேண்டியவை

அ) சம்பளம் அவள் பேரிலுள்ள வங்கிக் கணக்கில் ஏறட்டும். கார்டு அவளிடமே இருக்கட்டும். சம்பள ரசீதையும் பி.எப். நம்பரையும் கேட்டு வாங்குங்கள்.

ஆ) 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டால் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும். ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் என்று கூலியில் பேதம் காட்டக்கூடாது.

இ) பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கவேண்டும். இது 2013-ஆம் வருஷத்துச் சட்டம். ஆபத்தில் 181-க்கும், சிறு பிள்ளைகளுக்காக 1098-க்கும் போன் செய்யலாம்.

ஈ) மில், தறி, கம்பெனி நடத்துகிற சகோதரரே, உம்முடைய சம்பளப் பதிவேட்டைத் தேவனுக்கு முன்பாக ஒருமுறை திறந்து பாரும். யாக்கோபு 5:4 உமக்காகவும் எழுதப்பட்டிருக்கிறது.

யாக்கோபு புறப்படுமுன் ராகேலையும் லேயாளையும் வயலுக்கு அழைத்து, நடந்ததையெல்லாம் அவர்களிடம் சொன்னான் (31:4). அப்போதுதான் அவர்கள் மனதிலிருந்தது வெளியே வந்தது. இந்த வாரம் உங்கள் வீட்டிலும் வேலைக்குப் போகிற பிள்ளையை உட்காரவைத்துக் கேளுங்கள்: "சம்பளம் எவ்வளவு கண்ணு? அது யார் கையில இருக்கு? உடம்பு எப்படி இருக்கு?" அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள்.

கர்த்தர் நம் குடும்பங்களில் நியாயத்தை நிலைநாட்டுவாராக. ஆமென்.