கிற் காரின் பழைய உறுப்புகளைச் சுத்தம் செய்து தீந்தை பூசுதல்

பிரயோகப் பாடம்: உலோகங்கள் துருப்பிடித்தலும் அதனைத் தடுத்தலும்



இரும்பு துருப்பிடிப்பதற்கு ஒட்சிசனும் நீரும் அவசியம் என்பதை நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். தீந்தை பூசினால் அவ்விரண்டும் இரும்பை அடையாது என்பதையும் அறிவீர்கள். ஆனால் "தீந்தை பூசிய இரும்பும் சில மாதங்களில் துருப்பிடித்தது ஏன்?" என வினவினால் பலர் விடை எழுதத் தடுமாறுகின்றனர். உண்மையான ஒரு வேலையை உதாரணமாக எடுத்து இவ்வினாவுக்கு விடை காண்போம்.

1. கிற் கார் என்றால் என்ன?

தொழிற்சாலையில் முழுமையாகப் பொருத்தப்படாமல், பகுதிகளாக வாங்கி உரிமையாளரே பொருத்தும் கார் கிற் கார் எனப்படும். இது ஐக்கிய இராச்சியத்தில் நீண்டகாலமாக நிலவும் ஒரு பொழுதுபோக்கு ஆகும். கொலின் சப்மன் என்பவரின் லோட்டஸ் செவின் கார் 1957 இல் அறிமுகமானது. முழுமையான புதிய காருக்கு அந்நாட்டில் கொள்வனவு வரி இருந்தது. பகுதிகளாக வாங்கினால் அவ்வரி இல்லை. எனவே பலர் பகுதிகளாக வாங்கித் தாமே பொருத்தினர். 1973 இல் அவ்வரி நீங்கிப் பெறுமதி சேர் வரி வந்த பின்னரும் இப்பழக்கம் மறையவில்லை.

செலவைக் குறைப்பதற்காக எஞ்சின், கியர்ப் பெட்டி முதலியவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுப்பர். போர்ட் எஸ்கோட், 1982 இல் அறிமுகமான போர்ட் சியரா, 1989 இல் அறிமுகமான மஸ்டா எம்.எக்ஸ்.5 ஆகியன இவ்வாறு பயன்பட்ட கார்களாகும்.

2. வலு ஊடுகடத்தல் தொகுதி

எஞ்சினில் உண்டாகும் வலு சக்கரத்தை அடையும் ஒழுங்கு பின்வருமாறு:

எஞ்சின் → கிளச்சு → கியர்ப் பெட்டி → புரொப்பலர் தண்டு → டிபரன்சியல் → அச்சுத்தண்டுகள் → சக்கரங்கள்

லோட்டஸ் செவின் வகைக் காரில் புரொப்பலர் தண்டு சாரதிக்கும் பயணிக்கும் இடையே, இருவரின் இடுப்புக்கு அருகில் சுழல்கிறது. ஓடும்போது அதன் மூட்டு முறிந்தால் என்ன நேரும் என எண்ணிப் பாருங்கள். ஆகவே பழைய உறுப்பைச் சுத்தம் செய்வது அழகுக்காக மாத்திரம் அன்று. அழுக்கின் கீழ் மறைந்திருக்கும் குறையைக் கண்டுபிடிப்பதற்கும் ஆகும்.

3. இவ்வுறுப்புகள் கடுமையாகத் துருப்பிடிப்பது ஏன்?

பிரித்தானியாவில் மாரிகாலத்தில் வீதியிற் பனிக்கட்டி உண்டாகாதிருக்க உப்புத் தூவுவர். உப்பு நீரில் கரைந்து மின்னைக் கடத்தும் கரைசலாகின்றது. துருப்பிடித்தல் ஒரு மின்னிரசாயனத் தாக்கமாதலால் உப்புநீர் அதனை விரைவாக்கும். காரின் அடிப்பகுதியிலுள்ள உறுப்புகளில் இந்நீர் தொடர்ந்து தெறிக்கும். நம் நாட்டில் கடற்கரையோரச் சைக்கிள்கள் விரைவிற் துருப்பிடிப்பதற்கும் இதே காரணமே.

4. சுத்தம் செய்யும் படிமுறை

படி 1 - அடையாளமிடல். தண்டைக் கழற்றுமுன் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு கோடு இடுக. மீண்டும் அதே நிலையிற் பொருத்தினால் சமநிலை கெடாது. தண்டில் ஒட்டவைக்கப்பட்டுள்ள சிறு எடைத் துண்டுகள் சமநிலைக்காக இடப்பட்டவை. அவற்றை அழுக்கென எண்ணி அகற்றலாகாது.

படி 2 - துவாரங்களை அடைத்தல். கியர்ப் பெட்டியினதும் டிபரன்சியலினதும் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்தபின் எல்லாத் துவாரங்களையும் மூடுக. உள்ளே மணலோ கம்பித் துகளோ புகுந்தால் பற்சில்லுகளும் பெயரிங்குகளும் தேயும்.

படி 3 - கிறீசை அகற்றல். தடித்த படையை மரத்துண்டாற் சுரண்டி, பின் மண்ணெண்ணெய் தோய்ந்த தூரிகையால் தேய்க்க. கிறீஸ் நீரிற் கரையாது. மண்ணெண்ணெய் போன்ற சேதனக் கரைப்பானிற் கரையும். இறுதியிற் சவர்க்கார நீராற் கழுவி உடன் உலர்த்துக.

படி 4 - துருவை அகற்றல். இதற்கு மூன்று முறைகள் உள்ளன.

(அ) பொறிமுறை: கம்பித் தூரிகை, அரத்தாள் என்பவற்றால் தேய்த்தல்.

(ஆ) இரசாயன முறை: பொசுபோரிக் அமிலம் இடல்.
இரும்பு ஒட்சைட்டு + பொசுபோரிக் அமிலம் → இரும்புப் பொசுபேற்று + நீர்

(இ) மின்பகுப்பு: சலவைச் சோடாக் கரைசலில் துருப்பிடித்த உறுப்பைக் கதோட்டாகவும் பழைய இரும்புத் தகடு ஒன்றை அனோட்டாகவும் இணைத்தல். கதோட்டில் ஐதரசன் வாயு வெளியேறும். எனவே வெளியிடத்தில், தீப்பொறி அணுகாதவாறு செய்தல் வேண்டும். கறையில் உருக்கை அனோட்டாக இடக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்வையாகக் கரைசலிற் சேரும். சலவைச் சோடாவுக்குப் பதிலாக உப்பைப் பயன்படுத்தினால் நச்சு வாயுவான குளோரீன் உண்டாகும்.

கவனிக்க: கியர்ப் பெட்டியின் உறை சில கார்களில் வார்ப்பிரும்பாலும் சிலவற்றில் அலுமினியக் கலப்புலோகத்தாலும் ஆனது. காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அலுமினிய உறையை எரிசோடாக் கரைசலில் இட்டால் உலோகமே கரைந்துவிடும்.
அலுமினியம் + சோடியம் ஐதரொட்சைட்டு + நீர் → சோடியம் அலுமினேற்று + ஐதரசன்

5. தீந்தைக்கு முன் பரிசோதனை

சுத்தமான உறுப்பிலேயே வெடிப்பைக் காணமுடியும். இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. உறுப்பின் மீது மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விடுக. துணியால் நன்கு துடைத்தபின் வெண்கட்டித் தூளைத் தடவுக. வெடிப்பு இருப்பின், மயிர்த்துளைமை காரணமாக அதனுள் சென்ற மண்ணெண்ணெய் மீண்டும் வெளியேறி வெண்கட்டித் தூளில் மெல்லிய கோடாகத் தெரியும். அவ்வுறுப்பைத் திருத்தித் தீந்தை பூசி மறைக்க முயலாது ஒதுக்கிவிடுதல் வேண்டும்.

6. தீந்தை பூசுதல்

தீந்தை உலோகத்தைப் பற்றிப் பிடித்தாலே பாதுகாப்பு உண்டு. அதன் கீழே கிறீஸ் இருந்தால் அது ஒட்டாது. கீழே துரு இருந்தால், துரு உலோகத்திலிருந்து உதிரும்போது தீந்தையும் சேர்ந்து உதிரும். உப்பு எஞ்சியிருந்தால் அது ஈரத்தை ஈர்த்துத் தீந்தையைக் கொப்புளிக்கச் செய்யும். தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: குறை தீந்தையில் அன்று, அதன் கீழுள்ள மேற்பரப்பில்.

• சுத்தம் செய்த இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். எனவே அன்றே முதற்பூச்சு இடுக.
• இரும்புக்கு நாகம் கொண்ட முதற்பூச்சு சிறந்தது. நாகம் இரும்பைவிடத் தாக்கமிக்கது. எனவே பூச்சில் கீறல் விழுந்தாலும் முதலில் நாகமே அரிக்கப்படும்.
• அலுமினியத்துக்கு அதற்கென உள்ள முதற்பூச்சை இடுக. அதன் வழுவழுப்பான ஒட்சைட்டுப் படையில் சாதாரண தீந்தை எளிதில் உரிந்துவிடும்.
• ஒரு தடித்த படையிலும் பார்க்க இரண்டு, மூன்று மெல்லிய படைகள் சிறந்தவை. ஒவ்வொன்றும் உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூசுக.

7. தீந்தை பூசக்கூடாத இடங்கள்

பின்வரும் இடங்களை மறைப்பு நாடாவால் மூடிய பின்னரே பூசுதல் வேண்டும்.

(1) ஒன்றோடொன்று பொருந்தும் தட்டையான முகங்கள். இடையில் அகப்படும் தீந்தை அழுத்தத்தால் நாளடைவில் நசிந்து மெலியும். அப்போது போல்ற்றின் இறுக்கம் குறைந்து அது தளரும்.
(2) போல்ற் புரிகளும் தண்டின் பல்வரிகளும்.
(3) எண்ணெய் சீல் உரசும் இடம். இங்கு தீந்தை இருப்பின் எண்ணெய் கசியும்.
(4) டிபரன்சியலின் காற்றுத் துவாரம். ஓடும்போது உள்ளிருக்கும் வளி வெப்பமடையும். துவாரம் அடைபட்டால் அமுக்கம் அதிகரித்து எண்ணெயைச் சீலினூடாக வெளியே தள்ளும்.

8. பாதுகாப்பு

பழைய கிளச்சிலும் தடுப்பிலும் கல்நார் இருக்கலாம். ஐக்கிய இராச்சியத்தில் கல்நார்ப் பயன்பாடு முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999 இலேயே ஆகும். அதன் நுண்ணிய நார்கள் நுரையீரலுக்குக் கேடானவை. ஆகையால் அத்தூசை ஒருபோதும் காற்றால் ஊதி அகற்றலாகாது. ஈரத் துணியால் துடைத்து எடுக்க. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிக. பெற்றோலாற் கழுவ வேண்டாம்; அதன் ஆவி எளிதிற் தீப்பற்றும்.

மாதிரி வினாக்கள்

1. துருப்பிடித்த உறுப்பின் மேல் நேரடியாகத் தீந்தை பூசுவது பயனற்றது. விளக்குக.
2. நாகம் கொண்ட முதற்பூச்சு கீறப்பட்டாலும் இரும்பு பாதுகாக்கப்படுவது எவ்வாறு?
3. மாணவன் ஒருவன் அலுமினிய உறையை எரிசோடாக் கரைசலில் இட்டபோது வாயுக்குமிழிகளைக் கண்டான். அவ்வாயு யாது? அதனை எவ்வாறு இனங்காண்பீர்?

விடைகள்

1. துரு உலோகத்துடன் உறுதியாக ஒட்டியிராது உதிரும் இயல்புடையது. அது உதிரும்போது தீந்தையும் உதிர்வதால் ஒட்சிசனும் நீரும் இரும்பை அடையும்.
2. நாகம் தாக்கவீதத் தொடரில் இரும்புக்கு மேலே உள்ளது. அது இலகுவில் இலத்திரன்களை இழந்து தான் அரிக்கப்படும். இரும்பு கதோட்டாகத் தொழிற்படுவதாற் பாதுகாக்கப்படும்.
3. ஐதரசன். சோதனைக் குழாயிற் சேகரித்த வாயுவின் வாயருகே எரியும் குச்சியைக் கொண்டு செல்லும்போது "பொப்" என்ற ஒலியுடன் எரியும்.

பரீட்சையில் "தீந்தை துருப்பிடித்தலைத் தடுக்கும்" என்று எழுதுவதுடன் நின்றுவிடாதீர்கள். "சுத்தமான, உலர்ந்த மேற்பரப்பில் இடைவெளியின்றிப் பூசப்பட்ட தீந்தை, ஒட்சிசனும் நீரும் இரும்பை அடைவதைத் தடுக்கும்" என்று எழுதுங்கள். அதுவே நிறைவான விடையாகும்.