கணக்கில் எழுதிவைத்த ஓட்டு

பூந்தமல்லி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பியதைப் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிஃப்ட்டில் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன் காதில் அந்த நாட்டுத் தேர்தல் பேச்சு விழாமல் இருக்காது. "ட்ரம்ப்புக்கு ஓட்டுப் போட்டேன்னு ஒரு கறுப்பினத்தவர் சொன்னா, அவரை இனத் துரோகின்னு திட்டுறாங்க. அது சரியா பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். நம் வீட்டில் நீ வேறு சின்னத்தைப் பற்றிப் பேசியதற்கு உன் தாத்தா அதே சொல்லால் உன்னைத் திட்டியதையும் எழுதியிருக்கிறாய். முதல் ஓட்டுப் போடப்போகிற பிள்ளை நீ. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அமெரிக்கக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிமை முறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். அந்த நன்றியில் கறுப்பின மக்கள் இரண்டு தலைமுறைக்கு மேல் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். தென் மாநிலங்களில் அவர்களை ஒதுக்கிவைத்து, ஓட்டுரிமையையும் பறித்து ஆண்டது ஜனநாயகக் கட்சி. ஆனால் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்தக் கட்சியின் ரூஸ்வெல்ட் வேலையும் நிவாரணமும் தந்தபோது, 1936 தேர்தலில் அவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் போனார்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனும் அதே கட்சி. அவரை எதிர்த்து நின்ற கோல்ட்வாட்டர், செனட்டில் அந்தச் சட்டத்துக்கு எதிராக ஓட்டளித்தவர். அதன் பிறகு அந்த மக்களின் ஓட்டு ஜனநாயகக் கட்சியிடமே நிலைத்துவிட்டது.

இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் கண்முன் நடந்த காரியத்தைப் பார்த்துத்தான் நகர்ந்தார்கள். சிக்கல் பிறகு வந்தது. 2020 மே மாதம் ஒரு வானொலிப் பேட்டியில், தனக்குப் போடுவதா ட்ரம்ப்புக்குப் போடுவதா என்று இன்னும் யோசிக்கிறவர் கறுப்பினத்தவரே அல்ல என்கிற பொருளில் பைடன் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைக்கே வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் ஒரு கட்சியின் மனசு அந்தப் பேச்சில் வெளியே வந்துவிட்டது. உன் பிறப்பைச் சொல்லி உன் ஓட்டை நான் வாங்கிக்கொள்வேன் என்ற நினைப்பு அது. ஓட்டுப் போடும் இடத்தை வைத்து ஒருவரின் பிறப்பைச் சந்தேகிக்கிறவர் யாராக இருந்தாலும் தப்புத்தான். அந்த மனிதர் ட்ரம்ப்பைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று தாராளமாக வாதாடலாம். துரோகி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இதை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1921இல் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கையிருப்பு இல்லாதவன் வேலைநிறுத்தத்தை எத்தனை மாதம் தாங்குவான்? அது கலவரமாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. பிராமணர் அல்லாதாருக்குச் சம உரிமை என்று சொல்லி வளர்ந்த கட்சி. பிட்டி தியாகராயர் உள்ளிட்ட அதன் தலைவர்கள், அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். அந்தக் கட்சிக்குள்ளேயே இருந்தவர் எம்.சி. ராஜா. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆதிதிராவிடப் பிரதிநிதி. நம் மக்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி 1923இல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார்.

நீதிக்கட்சி செய்த நல்ல காரியங்கள் அதனால் இல்லாமல் போகவில்லை. வகுப்புவாரி உரிமை என்ற பேச்சு ஆட்சிக்குள் வந்தது அவர்களால்தான். ஆனால் சமத்துவம் பேசுகிற கட்சியும் ஒரு நெருக்கடி வரும்போது கீழே இருப்பவனைக் கைவிடக்கூடும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டு, சொல்லவும் செய்தார்.

நம் ஊருக்கே வா. பூந்தமல்லி 2011 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. நாடாளுமன்றத்துக்குத் திருவள்ளூரும் தனித்தொகுதி. பொன்னேரி, ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதிகளும் அப்படியே. 2022இல் ஆவடி மாநகராட்சி மேயர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. இதன் வேர் 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் செங்கல்பட்டு மாவட்டத்து இரட்டைமலை சீனிவாசனும் போராடிப் பெற்ற, நாம் மட்டுமே ஓட்டுப் போடும் தனிவாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்து, கூடுதல் இடங்களைப் பெற்றோம். சென்னை மாகாணத்துக்கு 30 இடம் வந்தது. நிற்பவர் நம்மவராக இருப்பார்; ஓட்டுப் போடுவது எல்லோரும். ஆகவே ஜெயிக்கிறவருக்கு நம் தெருவின் தயவைவிடக் கட்சியின் தயவுதான் அதிகம் வேண்டியிருக்கிறது. சீட்டுக் கொடுப்பதும் அதுதான், அடுத்த முறை மறுப்பதும் அதுதான். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் ஒன்று தெளிவாகும். தனித்தொகுதியில் எல்லாக் கட்சி வேட்பாளரும் நம்மவர்தான். "நம்ம ஆளு" என்பதை மட்டும் வைத்து அங்கே யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் சட்டமன்றத்தில் எதற்கு வாய் திறந்தார், எதற்கு மௌனமாக இருந்தார் என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் பல தேர்தல்களில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன். தேர்தலுக்கு முந்தின வாரம் வாக்காளர் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பென்சிலில் குறிப்பார்கள். மெயின் ரோட்டு அடுக்குமாடிக்கு நேராகக் கேள்விக்குறி. வியாபாரிகள் தெருவுக்குப் பாதி பாதி. காலனி வந்ததும் பென்சில் நிற்காது. மொத்தப் பக்கத்துக்கும் ஒரே கோடு, ஓரத்தில் "நம்மது". அதற்குப் பிறகு கேள்விக்குறி போட்ட வீடுகளுக்கு வேட்பாளரே மூன்று மாடி ஏறிப் போவார். குடிநீர் லைன் எப்போது வரும், மழைநீர் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார். காலனிக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு. "நம்மது" என்று எழுதிய கையில் வெறுப்பு எதுவும் இல்லை, தம்பி. அது வெறும் கணக்கு. ஏற்கனவே வந்து சேர்ந்த ஓட்டுக்காக யாரும் உழைக்க மாட்டார்கள்.

சரி, ஓட்டைக் கேள்விக்குறியாக்கிவிட்டால் போதுமா? போதாது. பாட்டாளி மக்கள் கட்சியைப் பார். 1987இல் வன்னியர் சங்கத்தின் சாலை மறியலில் 21 பேர் உயிர் கொடுத்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு வந்தது, கட்சியும் பிறந்தது. பிறகு அது இரண்டு பெரிய கட்சிகளோடும் மாறிமாறிக் கூட்டணி வைத்தது. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில், வன்னியருக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவசரத்தில் வாங்கியது நிலைக்கவில்லை. பேரம் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, வாங்கியது கோர்ட்டில் நிற்குமா என்றும் பார்க்கத் தெரிய வேண்டும்.

விடுதலைச் சிறுத்தைகள் வந்த வழி வேறு. 2001இல் திருமாவளவன் மங்களூர் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார். 2016இல் இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டு மக்கள் நலக் கூட்டணியில் நின்றபோது, காட்டுமன்னார்கோவிலில் 87 ஓட்டில் தோற்றார். 2021இல் பானைச் சின்னத்தில் நான்கு பேர் ஜெயித்தார்கள். அதில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத்தொகுதிகள். 2024இல் சிதம்பரத்தையும் விழுப்புரத்தையும் அதே பானையில் வென்றார்கள். அடுத்தவர் சின்னத்திலிருந்து சொந்தச் சின்னத்துக்கும், தனித்தொகுதியிலிருந்து பொதுத்தொகுதிக்கும் வர இருபது வருஷம் ஆனது. கூட்டணியில் இருந்தபடியே நிமிர்ந்து நிற்கவும் வழி உண்டு என்பதற்கு இதைச் சொல்கிறேன். நீ அவர்களுக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக அல்ல.

சாதிவெறிக் குற்றச்சாட்டு விஷயத்தில்தான் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரின் பெயர் இருந்தது. ஆளுங்கூட்டணியில் இருந்த விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். கூட்டணியில் இருந்துகொண்டு அப்படிக் கேட்டது எனக்கு மரியாதையாகப் பட்டது. ஆனால் போனைத் திறந்தால் வேறு காட்சி. எதிர்க்கட்சி ஆட்சியில் ஒரு கொடுமை நடந்தால் அது சாதிவெறி. தன் கட்சி ஆட்சியில் நடந்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, இல்லையென்றால் சதி. 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்று, நம் ஆவடிக்குப் பக்கத்தில் பொத்தூரில் புதைத்த நாட்களிலும் இதையே பார்த்தேன். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்வதை விட்டு, "நீ யாருக்காகக் கேட்கிறாய்?" என்றார்கள்.

கடல் தாண்டியும் இதே கதைதான். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அதே வருஷம் கலிபோர்னியாவின் இரண்டு அவைகளும் நிறைவேற்றிய அப்படியொரு மசோதாவை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பினார். நிறத்தைச் சொல்லித் தன்னை ஒதுக்கினால் கொதிக்கிற நம் நாட்டுக்காரர்களில் ஒரு பகுதியினர், சாதியைச் சொல்லித் தான் ஒதுக்குவதைச் சட்டம் தொடக் கூடாது என்று மனுக் கொடுத்தார்கள்.

ஆகையால் ஒரே அளவுகோல் வைத்துக்கொள். சொன்னவர் யார் என்று பார்க்காதே, நடந்தது என்ன என்று பார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தார்களா? விதி சொல்கிறபடி 60 நாளில் குற்றப்பத்திரிகை வந்ததா? முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும் என்று 1995 விதிகள் சொல்கின்றன, கூடியதா? கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியதா? பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டப் பணம் நம் மக்களுக்குச் செலவானதா, வேறு கணக்குக்குப் போனதா? இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கட்சிக் கொடியும் கிடையாது. உனக்குப் பிடித்த கட்சியிடம் முதலில் கேள். அங்கே கேட்க முடியவில்லை என்றால் அடுத்த கட்சியைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு இல்லை.

அதற்காகச் சாதிவெறி என்ற சொல்லையே விட்டுவிடாதே. வீடு பார்க்கப் போன இடத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்றால், அதற்கு வேறு பெயர் கிடையாது. சத்தமாகச் சொல். ஆனால் உன் லைனில் வேலை பார்க்கிற பட்டாபிராம் நண்பன் பாட்டாளி மக்கள் கட்சியின் மாம்பழத்துக்கு ஓட்டுப் போட்டான் என்பதற்காக மட்டும் அவனைச் சாதிவெறியன் என்று சொல்லாதே. அவன் உன்னை எப்படி நடத்துகிறான், தன் தங்கை வேறு சாதியில் காதலித்தால் என்ன செய்வான், அவன் தெருவில் நம் பையனை அடித்தால் எந்தப் பக்கம் நிற்பான் என்பதைக் கேள். அவன் பதில் தப்பாக இருந்தால் அன்றைக்குச் சொல். அந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் வீசினால், நிஜமாக ஒரு கொடுமை நடக்கிற அன்று அதைக் கேட்க ஆள் இருக்காது.

தாத்தாவிடம் கோபப்படாதே. அவர் பார்த்த ஊர் வேறு. டீக்கடையில் தனி கிளாஸ் இருந்த ஊர். பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கூடம் போன ஊர். குடிசை எரிந்தால் கேட்க நாதி இல்லாத ஊர். அந்தச் சின்னத்துக்காரர்கள் அன்றைக்கு ஒருநாள் வாசலில் வந்து உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூரைக்கு வழி செய்தார்கள். அந்த மரியாதைக்கு அவர் ஆயுள் முழுக்க நன்றியாக இருக்கிறார். அது அடிமைத்தனம் இல்லை. ஆனால் நன்றிக்கடன் பட்டவர் அவர், தீர்த்தும் விட்டார். அதைச் சொத்து மாதிரி உன் பெயருக்கு எழுதிவைக்க முடியாது. இதை அவரிடம் பணிவாகச் சொல். "நீங்க போட்டதுக்குக் காரணம் இருந்தது தாத்தா, எனக்கும் ஒரு காரணம் வேணும்" என்றால் அவருக்குப் புரியும்.

இன்னொரு பக்கம் சரிந்துவிடவும் கூடாது. "எல்லாக் கட்சியும் ஒண்ணுதான்" என்று வீட்டில் படுத்துக்கொள்வது, பென்சில்காரருக்கு இன்னும் வசதி. கட்சிகள் ஒன்றல்ல. சட்டம் கொண்டுவந்தவரும் தடுத்தவரும் ஒன்றல்ல. பழைய சின்னத்துக்கே நீ போடலாம், அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் கேட்டு, பதில் வாங்கி, அதற்குப் பிறகு போடு.

அதனால் இப்போது செய்ய வேண்டியது இது. வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார். இல்லையென்றால் படிவம் 6 நிரப்பிக் கொடு. நம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று கோரிக்கை எழுது: தண்ணீர், சுடுகாட்டுப் பாதை, மேலே சொன்ன வன்கொடுமை வழக்குகளின் நிலை. ஓட்டுக் கேட்டு வருகிற எல்லா வேட்பாளரிடமும் அதே தாளைக் கொடு. யார் படித்தார், யார் மடித்துப் பாக்கெட்டில் வைத்தார் என்று எல்லோரும் பார்க்கட்டும். ஜெயித்தவரிடம் ஒரு வருஷம் கழித்து அதே தாளோடு போ. நீ எந்தச் சின்னத்துக்குப் போட்டாய் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். அந்தத் தாளை எழுதி முடித்ததும் எனக்குக் காட்டு, கூட வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா