கொம்மாவுக்குப் பின்னால் வரும் பூச்சியம்



ஒரு பெட்டியில் 2,500 கிலோ என்று எழுதியிருந்தால் அதன் நிறை எவ்வளவு? ஊரில் படித்த நாம் இரண்டாயிரத்து ஐந்நூறு என்போம். ஜேர்மனியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இரண்டரை என்று சொல்லும். இங்கே பிள்ளை சொல்வதே சரி. நாம் தசமப் புள்ளி இடும் இடத்தில் இந்நாட்டவர் கொம்மா இடுவர். நாம் ஆயிரத்துக்குக் கொம்மா இடும் இடத்தில் புள்ளி இடுவர்.

நாம் இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தோம். அங்கே இதே எண்ணை இரண்டாயிரத்து ஐந்நூறு என்று இருப்புப் பட்டியலில் பதிந்துவிட்டோம். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தவர் நாம்! அந்தப் பெட்டியை ஒரு கையால் தூக்கி வைத்தவரும் நாமே.

கொம்மாவுக்கு இடப்பக்கம் ஒன்று, பத்து, நூறு என இடங்கள் உள்ளன. வலப்பக்கம் பத்திலொன்று, நூறிலொன்று, ஆயிரத்திலொன்று. 2,5 என்றால் இரண்டு முழுமையும் பத்திலொன்றுகள் ஐந்தும். அதை 2,50 என்று எழுதினால், நூறிலொன்று ஏதும் இல்லை என்றுதான் அந்தப் பூச்சியம் சொல்கிறது. ஆகவே 2,5 உம் 2,50 உம் 2,500 உம் ஒரே பெறுமானம். ஆனால் 2,05 வேறு. அங்கே பூச்சியம் நடுவில் புகுந்து, ஐந்தை நூறிலொன்றின் இடத்துக்குத் தள்ளிவிட்டது.

பிள்ளைகள் பெரிதும் தடுமாறுவது ஒப்பிடும்போதுதான். உசைன் போல்ட் 2009 இல் பேர்லினில் 100 மீற்றரை 9,58 செக்கனில் ஓடினார். 9,6 இல் ஓடியிருந்தால் அது இதைவிட வேகமா? "58 பெரிது, 6 சிறிது, ஆகவே வேகம்தான்" என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். 9,6 இன் பின்னால் ஒரு பூச்சியம் இட்டு 9,60 ஆக்குங்கள். இப்போது நூறிலொன்றுகள் 58 ஐயும் 60 ஐயும் ஒப்பிடுகிறோம். 9,58 தான் குறைந்த நேரம். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம் வாசிக்கும் முறை. காசை "இரண்டு யூரோ ஐம்பது" என்று சொல்லிப் பழகியதால் எல்லாவற்றையும் அப்படியே வாசிக்கிறோம். "ஒன்பது கொம்மா ஐந்து எட்டு" என்று இலக்கம் இலக்கமாக வாசிக்கப் பழக்குங்கள்.

அம்மம்மா "அரைக்கால் கிலோ சீனி" என்றால் பிள்ளை விழிக்கும். கால் என்பது 0,25. அதில் பாதி அரைக்கால். 25 ஐச் சரிபாதியாக்க முடியவில்லையா? 0,250 என்று எழுதுங்கள்; பாதி 0,125. தராசில் 125 கிராம்.

பயிற்சி: பெற்றோல் நிலையத்தில் ஒரு லீற்றர் 1,799 யூரோ என்று போட்டிருக்கிறது. கடைசி 9 எந்த இடத்தில் உள்ளது? 40 லீற்றர் அடித்தால், அந்த 9 க்காக மட்டும் அப்பா எவ்வளவு கொடுக்கிறார்? 36 சதம் வராவிட்டால் பூச்சியங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள்.