பெண் பெயரில் பேசுவது யார்?

மராத்தி நாடகங்களில் பால கந்தர்வர் பெண் வேடம் கட்டினார். 1967-இல் அவர் மறைந்தார். அவரைப் போலப் புடவை கட்டப் பெண்கள் ஆசைப்பட்டார்கள். அவர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்று கைப்பேசி விளையாட்டில் சில ஆண்கள் பெண் உருவம் எடுக்கிறார்கள். அது விளையாட்டு. அதில் தவறில்லை.

முகநூலில் சிலர் ஏமாற்றவே இப்படிச் செய்கிறார்கள். பெண் படம், பெண் பெயர், இனிக்கும் பேச்சு. பிறகு, "அம்மாவுக்கு ஆபரேஷன், பணம் அனுப்புங்கள்" என்பார்கள். குரலையும் நம்ப முடியாது. ஆண் குரலைப் பெண் குரலாக மாற்றும் வசதி வந்துவிட்டது.

பணம் அனுப்பியாகிவிட்டதா? பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. ஏமாற்றுபவனுக்கு அதுவே வசதி. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் போன கணக்கை வங்கி முடக்க வழி உண்டு.