ரீசெட் பட்டன் எட்டாத தூரத்தில்

ஹாஸ்டல்ல வைஃபை போச்சுன்னா ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றோம், அவ்வளவுதான். அதே ரவுட்டர் ஆளில்லாத மலை உச்சியில இருந்தா என்ன பண்ணுவீங்க?

செயற்கைக்கோள் நெட்வொர்க் நடத்துறவங்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. அதுக்குத்தான் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமா என்.எம்.எஸ். தரைநிலையத்தில் இருக்கிற ஹப்பில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு மோடமின் சிக்னலையும் பார்க்கலாம், செட்டிங் மாற்றலாம், புது மென்பொருள் அனுப்பலாம். ஒரு ஊரில் மட்டும் சிக்னல் இறங்கினால் அங்கே மழையா இருக்கலாம். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இறங்கினால் முதலில் ஹப்பைத்தான் சந்தேகப்படணும். ஒவ்வொரு மோடமையும் தனித்தனியா பார்த்திருந்தா இது பிடிபடாது.

ஆனா ஒரு சிக்கல். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கு. கேள்வி போய் பதில் வர அரை விநாடி ஆகும். அது கூடப் பரவாயில்லை. மேனேஜ்மென்ட் கமாண்டும் பெரும்பாலும் அதே செயற்கைக்கோள் இணைப்பு வழியாத்தான் போகுது. மோடம் படுத்துட்டா, அதை எழுப்புற கமாண்டும் போய்ச் சேராது.

2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த நாள். அன்று கே.ஏ.-சாட் நெட்வொர்க்கில் இதுதான் நடந்தது. தவறாக அமைக்கப்பட்ட ஒரு வி.பி.என். கருவி வழியாகத் தாக்குதல்காரர்கள் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் நுழைந்ததாக வயாசாட் நிறுவனமே அறிவித்தது. அங்கிருந்து அனுப்பியது முறையான மேனேஜ்மென்ட் கமாண்டுகள்! அவை பல்லாயிரம் மோடம்களின் ஃபிளாஷ் மெமரியில் முக்கியமான தகவல்களை அழித்து எழுதின. மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 எனர்கான் காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அறுந்தது. காற்றாலைகள் என்னவோ சுத்திக்கிட்டேதான் இருந்தன, தூரத்திலிருந்து பார்க்கத்தான் வழியில்லை. மோடம் சிப் எதுவும் எரியவில்லை. ஆனாலும் வயாசாட் கிட்டத்தட்ட 30,000 புது மோடம்களை அனுப்ப வேண்டியதாச்சு.

போன செமஸ்டர் ப்ராஜெக்ட்ல நானும் தப்பான அப்டேட் ஒன்னை வைஃபைல அனுப்பி போர்டைச் சாகடிச்சேன். யூ.எஸ்.பி. கேபிள் கையெட்டும் தூரத்துல இருந்ததால பிழைச்சுது. அப்புறம்தான் மெமரியை ரெண்டாப் பிரிச்சேன்: புது மென்பொருளால் சர்வரைத் தொட முடியலைன்னா, போர்டு தானாவே பழையதுக்குத் திரும்பிடும். ஆனா இது என் கைத்தப்புக்கு மட்டும்தான் மருந்து. ரெண்டு பாதியையும் அழிக்கச் சொல்லி சர்வரே கமாண்ட் அனுப்பினா? இப்போதைக்கு என் போர்டு கேள்வி கேட்காம அழிச்சிடும். ரிவ்யூவுக்கு முன்னாடி அதைத்தான் மாத்திக்கிட்டு இருக்கேன்.